‘எத்தனை எக்ஸ்?’னு கேட்காதீங்க பாஸ்! முதல் பைனாகுலர் வாங்கும்முன் தெரிஞ்சுக்க வேண்டிய எல்லாம்

பப்ஜி ஆடியவர்களுக்கு இந்த அனுபவம் நிச்சயம் இருக்கும். கஷ்டப்பட்டு 8 எக்ஸ் ஸ்கோப் எடுத்து துப்பாக்கியில் மாட்டியிருப்பீர்கள். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து எதிரி குதிப்பான். ஸ்கோப்பைத் திறந்தால் சுவர் தெரியும், ஜன்னல் கம்பி தெரியும், ஆளை மட்டும் காணோம். தேடி முடிப்பதற்குள் நீங்கள் லாபிக்குத் திரும்பியிருப்பீர்கள். ‘ச்சே, ரெட் டாட்டே போதுமாயிருந்துச்சு’ என்று அப்போதுதான் தோன்றும்.

அந்த ஒரு நிமிட ஞானம் பைனாகுலர் வாங்கும்போது மட்டும் யாருக்கும் வருவதில்லை. எனக்கும் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆன்லைனில் ‘20×50, ஹை பவர்’ என்று போட்டிருந்த ஒன்றை 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். ‘8-ஐவிட 20 பெரிசு, விலையும் கம்மி, அப்புறம் என்ன யோசனை?’ என்பதுதான் என் ஆராய்ச்சி. அதைத் தூக்கிக்கொண்டு விடிகாலையில் கிளம்பி வேடந்தாங்கல் போனேன். ஏரிக்கரையில் நின்று கண்ணில் வைத்தால், எல்லாம் ஆடுகிறது. மங்கலாக ஒரு பச்சை, அதில் ஒரு வெள்ளை. பத்து நிமிடத்தில் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே கழுத்திலிருந்த பழைய பைனாகுலரைக் கழற்றி நீட்டினார். “இதுல பாருங்க தம்பி.” பார்த்தேன். மரத்தின் உச்சியில் ஒரு கூழைக்கடா. அதன் பைக்குள் தலையை முழுசாக விட்டு மீன் தேடிக்கொண்டிருந்தது குஞ்சு. இறகின் ஈரம்கூடத் தெரிந்தது. திருப்பிக் கொடுக்கும்போது பக்கவாட்டில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். வெறும் 8×40.

அன்று நான் செய்த தப்பை நீங்கள் செய்யாமலிருக்கத்தான் இந்தக் கட்டுரை.

துப்பாக்கியிலிருந்து பைனாகுலருக்கு

தூரத்துப் பொருளைக் கிட்டத்தில் காட்டும் கண்ணாடி என்றதும் நம் மனதில் முதலில் வருவது வேட்டைத் துப்பாக்கியின் ஸ்கோப்தான். சினிமாவும் கேமும் அப்படிப் பழக்கிவிட்டன. ஆனால், வேட்டை அனுமதிக்கப்பட்ட நாடுகளில்கூட, பொறுப்பான வேட்டைக்காரர்கள் காட்டை நோட்டமிட ஸ்கோப்பைப் பயன்படுத்துவதில்லை. காரணம் எளிது. ஸ்கோப் வழியாகப் பார்த்தால், பார்க்கும் திசையில் துப்பாக்கியும் நீளும். புதருக்குப் பின்னால் இருப்பது மானா, மனிதனா என்று தெரிந்துகொள்ளவே துப்பாக்கியை நீட்டுவது ஆபத்து. அதனால் அவர்கள் கழுத்தில் தனியாக ஒரு பைனாகுலர் தொங்கும்.

இந்தியாவில் 1972-ல் வந்த வனஉயிர் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்னர் வந்த திருத்தங்களும் காட்டுயிர் வேட்டைக்குத் தடைபோட்டுவிட்டன. ஆகவே, நமக்கு ஸ்கோப் தேவையில்லை. பார்ப்பதற்கான கண்ணாடி மட்டும் போதும்.

இந்த மாற்றத்துக்கு ஓர் அழகான உதாரணம் உண்டு. இந்தியப் பறவையியலின் பிதாமகராகச் சொல்லப்படும் சாலிம் அலி, சிறுவனாக இருந்தபோது பொம்மை ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டார். கழுத்தில் மஞ்சள் தீற்றல் இருந்த அந்தக் குருவி என்ன வகை என்று தெரிந்துகொள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். அங்கே செயலாளராக இருந்த மில்லர்டு, அலமாரிகளைத் திறந்து பாடம் செய்யப்பட்ட பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். துப்பாக்கியோடு ஆரம்பித்த அந்த ஆர்வம்தான் பறவைகளுக்காக ஒரு முழு வாழ்க்கையாக மாறியது.

நம்மூர் வேடந்தாங்கல் கதை அதற்கும் பழையது. 18-ம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டு, 1798-ல் பறவைகளைக் காப்பதற்கான உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கரையில் நின்றுதான் இன்று நாம் பைனாகுலரில் பார்க்கிறோம்.

சரி, கடைக்குப் போவோம்.

8×42... இதுக்கு என்ன அர்த்தம்?

எல்லாப் பைனாகுலரிலும் இப்படி இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 8 என்றால், 80 மீட்டர் தள்ளி இருக்கும் பறவை 10 மீட்டரில் இருப்பதுபோலத் தெரியும். இரண்டாவது எண், முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 42 என்றால் 42 மி.மீ. வெளிச்சம் உள்ளே வரும் ஜன்னலின் அளவு அது.

‘அப்போ முதல் எண் பெரிசா இருந்தா நல்லதுதானே?’ இல்லை. பறவையோடு சேர்ந்து உங்கள் கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும். யாருடைய கையும் நூறு சதவிகிதம் அசையாமல் இருக்காது. மூச்சு விட்டாலே ஆடும். கேமில் ஸ்கோப் ஆடும்போது மூச்சைப் பிடிக்கும் பட்டனை அழுத்துவீர்களே, அதே சமாசாரம். 8 மடங்கில் இந்த ஆட்டத்தைச் சமாளிக்கலாம். 10 மடங்கில் கொஞ்சம் பழக்கம் வேண்டும். 12-க்கு மேல் போனால் பெரும்பாலானவர்களுக்கு முக்காலி இல்லாமல் வேலைக்கு ஆகாது. என் 20×50 ஏன் ஆடியது என்று இப்போது புரிகிறதா?

ஒரு வகுத்தல் கணக்கு போதும்

இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. பைனாகுலரின் பின்பக்கத்திலிருந்து வெளியே வந்து உங்கள் கண்ணுக்குள் போகும் ஒளிவட்டத்தின் அகலம் அதுதான், 5.25 மி.மீ. ஆங்கிலத்தில் இதை ‘எக்ஸிட் பியூப்பில்’ என்பார்கள். கண்ணெதிரே பார்க்க ஆசையா? பைனாகுலரை கை நீட்டும் தூரத்தில் வெளிச்சமான சுவரை நோக்கிப் பிடியுங்கள். கண் வைக்கும் கண்ணாடியில் சின்னதாக ஒரு வெள்ளை வட்டம் தெரியும். அதுவேதான்.

இது ஏன் முக்கியம்? நம் கண்பாவை நல்ல வெயிலில் 2 முதல் 3 மி.மீ வரை சுருங்கும். இருட்ட இருட்ட விரியும். இளவயதில் 7 மி.மீ வரைகூடப் போகும். உச்சி வெயிலில் எந்தப் பைனாகுலரும் பளிச்சென்றுதான் தெரியும். ஆனால், பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பது விடியற்காலையிலும் மாலையிலும். அந்த அரைவெளிச்சத்தில் உங்கள் கண் 5 மி.மீ திறந்திருக்க, பைனாகுலர் 2.5 மி.மீ வெளிச்சம்தான் தருகிறது என்றால் படம் மங்கும்.

பொதுவாகக் கிடைக்கும் அளவுகளுக்குக் கணக்கு போட்டுவிடலாம்:

* 8×25 – 3.1 மி.மீ. பகலில் ஓகே, மாலையில் திணறும்.
* 8×32 – 4 மி.மீ. எடை குறைவு, நல்ல சமரசம்.
* 8×42 – 5.25 மி.மீ. காலை முதல் மாலை வரை கவலையில்லை.
* 10×42 – 4.2 மி.மீ. தூரம் அதிகம்; வெளிச்சம் சற்றுக் குறைவு.
* 10×50 – 5 மி.மீ. வெளிச்சம் ஓகே; கழுத்து வலிக்கும்.
* 20×50 – 2.5 மி.மீ. நான் வாங்கியது. வேறு என்ன சொல்ல?

‘அப்போ 8×56 வாங்கினா இன்னும் வெளிச்சமாச்சே’ என்று கேட்டால், 7 மி.மீ கிடைக்கும்தான். ஆனால், ஒரு கிலோ அல்லது அதற்கு மேலும் எடையைக் கழுத்தில் தொங்கவிட்டு மூன்று மணி நேரம் நடக்க வேண்டும். வெளிச்சம், பெரிதாக்கம், எடை மூன்றையும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்த பேரத்தில் 8×42 நடுவில் நிற்கிறது. பறவை பார்ப்பவர்கள் பலரின் கழுத்தில் அது தொங்குவதற்குக் காரணமும் அதுவே.

பார்வைப் பரப்பு: யாரும் கேட்காத எண்

பெட்டியில் பொடி எழுத்தில் ‘8 டிகிரி’ என்றோ, ‘1,000 மீட்டரில் 140 மீட்டர்’ என்றோ போட்டிருப்பார்கள். இரண்டும் ஒன்றுதான். ஒரு டிகிரிக்குக் கிட்டத்தட்ட 17.5 மீட்டர் கணக்கு. 50 மீட்டர் தள்ளி இருக்கும் ஒரு புளியமரத்தைப் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். 8 டிகிரி பைனாகுலரில் 7 மீட்டர் அகலத்துக்கு மரம் தெரியும். 3 டிகிரி உள்ள ஒன்றில் இரண்டரை மீட்டர்தான். கிளை கிளையாகத் தாவும் தையல்சிட்டை எதில் பிடிப்பது சுலபம்?

பெரிதாக்கம் கூடக் கூட, பொதுவாக இந்தப் பரப்பு குறையும். பப்ஜியில் மாடியிலிருந்து குதித்தவனை நீங்கள் தவறவிட்டது இதனால்தான். புதிதாகப் பழகுபவர்கள் 7 டிகிரிக்குக் குறையாமல் பார்த்து வாங்குவது நல்லது.

இன்னொரு பொடி எழுத்து, எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் என்பது. பட்டாம்பூச்சி, தட்டான் பார்க்கும் ஆசை இருந்தால் இரண்டு மீட்டர், இரண்டரை மீட்டரில் ஃபோகஸ் ஆவதைத் தேடுங்கள். ஐந்து மீட்டர் என்று இருந்தால், காலடியில் உட்காரும் பட்டாம்பூச்சிக்காக நீங்கள் பின்னால் நடக்க வேண்டியிருக்கும்.

உள்ளே என்ன இருக்கு?

வெறும் லென்ஸ் மட்டும் வைத்தால் படம் தலைகீழாகத் தெரியும். அதை நிமிர்த்த உள்ளே பிரிசம் என்ற கண்ணாடிக் கட்டிகள் இருக்கின்றன. இதில் இரண்டு வகை.

முதலாவது போரோ. 1854-ல் இத்தாலியரான இக்னாசியோ போரோ காப்புரிமை பெற்ற அமைப்பு. பழைய சினிமாக்களில் ராணுவ அதிகாரி வைத்திருப்பாரே, தோள்பட்டை விரிந்த மாதிரி, அந்த உருவம். செய்வது எளிது என்பதால் குறைந்த விலையிலேயே நல்ல படம் தரும். பருமனாக இருக்கும். தண்ணீர் புகாதபடி செய்வது சற்றுக் கடினம்.

இரண்டாவது ரூஃப். நேராக இரண்டு குழாய்கள். ஒல்லி, உறுதி, மழைக்குத் தாங்கும். ஆனால், இதைத் துல்லியமாகச் செய்யச் செலவு அதிகம். அதனால்தான் 3,000 ரூபாய் ரூஃபைவிட, 8,000 ரூபாய் போரோ பல மடங்கு நன்றாகத் தெரிகிறது. அதே தெளிவை ரூஃபில் எதிர்பார்த்தால் இன்னும் சில ஆயிரம் சேர்க்க வேண்டும்.

அடுத்து, கோட்டிங். பூச்சு இல்லாத கண்ணாடி, ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவிகித வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். பத்து பரப்புகளைத் தாண்டினால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் காலி. இதைத் தடுக்கும் பூச்சை 1935-ல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்டுபிடித்தார். இன்று பெட்டியில் ‘ஃபுல்லி மல்ட்டி கோட்டட்’ என்ற மூன்று வார்த்தைகளும் சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாக் கண்ணாடிப் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு உண்டு என்று அர்த்தம். வெறும் ‘கோட்டட்’ என்றால், ஏதோ ஒரு பரப்பில் மட்டும்கூட இருக்கலாம்.

‘பிஏகே-4’ என்பது பிரிசத்தின் கண்ணாடி வகை. விலை குறைந்த ‘பிகே-7’ வகையில் வெளிவரும் ஒளிவட்டத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம்போலத் தெரியும். மேலே சொன்ன சுவர் டெஸ்ட்டில் வட்டம் முழு வட்டமாக இருந்தால் நல்ல அறிகுறி. ‘ஈடி’ கண்ணாடி என்று போட்டிருந்தால், வெளிச்சமான வானத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் கரிச்சானைச் சுற்றி வரும் ஊதா நிற ஓரம் குறையும். அதற்கு விலையும் கூடும்.

சோடாபுட்டி மக்களே, இது உங்களுக்கு

கண்ணாடி போட்டவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது ‘ஐ ரிலீஃப்’. பைனாகுலரிலிருந்து எவ்வளவு தள்ளிக் கண்ணை வைத்தாலும் முழுப் படமும் தெரியும் என்பதற்கான அளவு இது. கண்ணாடி போட்டிருப்பவர்களுக்கு 15 மி.மீ-க்குக் குறையக் கூடாது. 17, 18 இருந்தால் இன்னும் வசதி. குறைவாக இருந்தால் நடுவில் ஒரு ஓட்டை வழியாகப் பார்ப்பதுபோல இருக்கும்.

கண் வைக்கும் இடத்தில் திருகி ஏற்றி இறக்கும் ரப்பர் குமிழ் இருக்கும். கண்ணாடி போட்டிருந்தால் முழுவதும் இறக்குங்கள். இல்லையென்றால் முழுவதும் ஏற்றுங்கள். ‘பார்த்தா கறுப்பு கறுப்பா வருதுடா’ என்ற புகாரில் பாதி, இந்தக் குமிழைத் தொடாததால் வருவது.

(துப்பாக்கி ஸ்கோப்பில் இதே அளவு மூன்றரை, நான்கு அங்குலம்கூட இருக்கும். சுட்டவுடன் துப்பாக்கி பின்னால் உதைக்கும், கண் தப்பிக்க வேண்டுமே!)

போனிலேயே 100 எக்ஸ் இருக்கே?

நியாயமான கேள்வி. போன் விளம்பரங்களில் வரும் 100 எக்ஸில் பெரும்பகுதி, படத்தை வெட்டி, பெருக்கி, மென்பொருள் மூலம் மெருகேற்றுவது. நிலாவையோ ஒரு போர்டையோ எடுக்கலாம். இலைக்குள் ஓடும் குருவியைத் திரையில் தேடிப் பிடிப்பதற்குள் அது பக்கத்து ஊருக்குப் போயிருக்கும். பைனாகுலரில் தாமதம் கிடையாது, சார்ஜ் கிடையாது. இரண்டு கண்ணாலும் பார்ப்பதால் ஆழமும் தெரியும்.

போனைத் தூக்கிப் போடவும் வேண்டாம். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் ‘மெர்லின்’ செயலி, பறவையை அடையாளம் காண உதவும். ‘இ-பேர்ட்’ செயலியில் பார்த்ததைப் பதிவு செய்யலாம். பைனாகுலரின் ஒரு கண்ணில் போன் கேமராவை வைத்துப் படமும் எடுக்கலாம். அதற்கு நிலையாகப் பிடிக்கும் மாட்டிகளும் விற்கின்றன.

எவ்வளவு பட்ஜெட்? எது வாங்கலாம்?

விலைகள் அவ்வப்போது மாறும். தோராயமாக இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்.

*5,000 ரூபாய்க்குள்:* பெரிய எண்ணுக்கு ஆசைப்படாதீர்கள். பெயர் தெரிந்த நிறுவனத்தின் 8×21, 8×25 மடக்குப் பைனாகுலர் போதும். கிரிக்கெட், டூர், கச்சேரிக்கு ஏற்றது. அதுவும் முடியாதா? கொஞ்சம் பொறுங்கள். பறவை பார்க்கும் குழுக்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால், கேட்டால் கொடுப்பார்கள். எனக்கும் ஒருவர் கொடுத்தாரே!

*7,000 முதல் 10,000 வரை:* போரோ ராஜ்யம். நிக்கான் அக்குலான் ஏ211 8×42 மாதிரி. படம் அருமை. மழையில் நனையக் கூடாது. கண்ணாடி போட்டவர்கள் ஐ ரிலீஃப் பார்த்துவிட்டு முடிவெடுக்கவும்.

*12,000 முதல் 20,000 வரை:* மழைக்குத் தாங்கும் ரூஃப் 8×42. நிக்கான் ப்ரோஸ்டாஃப் பி3, செலஸ்ட்ரான் நேச்சர் டிஎக்ஸ் போன்றவை. வால்பாறை, ஊட்டி, கொடைக்கானல் என்று மலைக்காடு சுற்றுபவர்களுக்கு இதுதான் சரி. நன்றாக வைத்துக்கொண்டால் பல வருடம் ஓடும்.

*25,000-க்கு மேல்:* நிக்கான் மோனார்க் எம்5 போன்ற ஈடி கண்ணாடி ரகங்கள். ஆர்வம் நிலைத்துவிட்டது என்று தெரிந்த பிறகு.

*லட்சங்களில்:* ஸைஸ், லைகா, ஸ்வரோவ்ஸ்கி. ஒருமுறை வாங்கிப் பார்த்துவிட்டு, பெருமூச்சோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

8-ஆ, 10-ஆ என்ற கேள்விக்கும் ஒரு பதில். காடு, தோட்டம், மொட்டை மாடி என்றால் 8. பழவேற்காடு, கோடியக்கரை, கூந்தன்குளம்போலப் பரந்த நீர்ப்பரப்பில் தூரத்துப் பூநாரைகளைப் பார்ப்பதுதான் முக்கியம் என்றால் 10 யோசிக்கலாம். குழப்பமாக இருந்தால் 8.

இதெல்லாம் பார்த்தா ஓடிடுங்க

* 60×60, 90×90 போன்ற எண்கள். முன் லென்ஸை ஸ்கேலால் அளந்தால் உண்மை தெரியும்.
* ‘பகல்-இரவு’ என்று எழுதியிருப்பது. நைட் விஷன் என்பது முற்றிலும் வேறு கருவி.
* பளபளக்கும் சிவப்பு லென்ஸ். சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் படம் பச்சையாகத் தெரியும்.
* குறைந்த விலை ஜூம் பைனாகுலர், 10-30×50 போல. பார்வைப் பரப்பு குறுகும், இரண்டு குழாயும் ஒன்றாக ஜூம் ஆகாமல் தலை வலிக்கும்.

கடையில் ஐந்து நிமிட டெஸ்ட்

முடிந்தவரை நேரில் பார்த்து வாங்குங்கள். ஆன்லைன் என்றால், திருப்பி அனுப்பும் வசதி இருக்கும்போதே இவற்றைச் செய்துவிடுங்கள்.

1. கடைக்கு வெளியே வந்து, தூரத்துக் கட்டடத்தின் விளிம்பைப் பாருங்கள். ஒரே கோடாகத் தெரிய வேண்டும். இரட்டையாகத் தெரிந்தால் இரண்டு குழாயும் ஒரே திசையில் இல்லை. வேண்டாம்.
2. மின்கம்பியை வானத்துக்கு எதிரே பாருங்கள். ஊதா, பச்சை ஓரம் எவ்வளவு வருகிறது என்று கவனியுங்கள்.
3. நடுவில் தெளிவாக இருக்கும் போர்டு எழுத்து, ஓரத்துக்குப் போகும்போது எவ்வளவு கலங்குகிறது? கொஞ்சம் கலங்கலாம், பாதிப் படம் கலங்கக் கூடாது.
4. ஃபோகஸ் சக்கரம் சீராகச் சுற்றுகிறதா? கடக் முடக் என்று தடுக்கக் கூடாது.
5. இரண்டு நிமிடம் தொடர்ந்து பிடித்துப் பாருங்கள். கை சொல்லிவிடும், எடை உங்களுக்கு ஒத்துவருமா என்று.

வாங்கியாச்சு... முதல்ல இதைச் செய்ங்க

பல பேர் வருடக்கணக்கில் சரியாக அமைக்காமலேயே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான்கே வேலைகள்தான்.

முதலில், நடுவில் மடக்கி, இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகத் தெரியும்வரை உங்கள் கண் அகலத்துக்குக் கொண்டுவாருங்கள். இரண்டாவது, வலப்பக்க முன் லென்ஸைக் கையால் மறைத்து, இடக்கண்ணால் ஒரு போர்டைப் பார்த்து நடுச் சக்கரத்தைத் திருகித் தெளிவாக்குங்கள். மூன்றாவது, இப்போது இடப்பக்கத்தை மறையுங்கள். நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் பக்கமிருக்கும் டயாப்டர் வளையத்தை மட்டும் திருகி அதே போர்டைத் தெளிவாக்குங்கள். நான்காவது, வளையம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நடுச் சக்கரம் மட்டும் போதும். சில மாடல்களில் டயாப்டர் வேறு இடத்தில் இருக்கும். அதை மட்டும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பிரச்னை, ‘பறவை வெறுங்கண்ணுக்குத் தெரியுது, பைனாகுலர்ல காணோம்.’ இதற்கு ஒரே வித்தைதான். பறவையைப் பார்த்த கண்ணை எடுக்காதீர்கள். குனிந்து பைனாகுலரைத் தேடாமல், பார்வை அங்கேயே இருக்க, கையை மட்டும் உயர்த்திக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். வீட்டு மாடியில் காகத்தை வைத்து ஒரு வாரம் பழகுங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, முடிந்தால் சுவரில் சாய்ந்து நில்லுங்கள். ஆட்டம் பாதியாகும்.

புழுக்கமும் பூஞ்சையும்

நம் ஊர் ஈரக்காற்றுக்கு லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். சிலந்திவலை மாதிரி உள்ளே படர்ந்துவிட்டால் சரிசெய்யும் செலவு, சில சமயம் புதுசின் விலையைத் தொடும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நனைந்த பையிலேயே போட்டு மூடி வைக்காதீர்கள். நைட்ரஜன் நிரப்பிய ரகங்களில் உள்ளே பனி படியாது. ஆனாலும் வெளிப்பக்க லென்ஸில் ஈரம் தங்கவிடக் கூடாது.

சட்டை நுனி, கைக்குட்டையால் துடைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். தூசி மணல்போல உரசி, பூச்சைக் கீறிவிடும். முதலில் ஊதித் தள்ளும் ரப்பர் பந்து, பிறகு மெல்லிய பிரஷ், கடைசியில்தான் மைக்ரோஃபைபர் துணி.

இரண்டு எச்சரிக்கைகள்

ஒன்று, சூரியனைப் பார்க்கவே கூடாது. பைனாகுலர் வழியாக ஒரு நொடி பார்த்தாலும் விழித்திரை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். கிரகண நாளில் ‘சும்மா ஒரு தடவை’ என்று எடுக்காதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால், ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

இரண்டு, கூடு. மேலே சொன்ன அதே வனஉயிர் சட்டம், ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள் சுடுவதை மட்டும் வைக்கவில்லை. காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும் கூடுகளைக் கலைப்பதும் அதே வரையறைக்குள் வருகின்றன. நல்ல போட்டோ வேண்டுமென்று கிளையை விலக்குவது, குஞ்சு இருக்கும் கூட்டுக்குப் பத்தடிக்குள் போய் நிற்பது, பறக்கவைக்கக் கல்லெறிவது... துப்பாக்கி இல்லை என்பதற்காக இதெல்லாம் சாதுவான காரியம் ஆகிவிடாது. தாய்ப்பறவை பயந்து விலகியிருக்கும் நேரத்தில் முட்டை வெயிலில் காயும், காகம் வந்து எடுத்துப்போகும். பைனாகுலர் வாங்குவதே, கிட்டே போகாமல் இருப்பதற்காகத்தான். உங்களைப் பார்த்துப் பறவை தன் வேலையை நிறுத்தினால், நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். இரண்டடி பின்னால் வாருங்கள்.

எங்கே தொடங்கலாம்?

சென்னைவாசிகளுக்குப் பள்ளிக்கரணை. நீலத் தாழைக்கோழியும் நாமக்கோழியும் சாலையோரத்திலிருந்தே தெரியும். வேடந்தாங்கலுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல நேரம். தெற்கே இருப்பவர்களுக்குக் கூந்தன்குளம். எங்கும் போக முடியாதா? உங்கள் ஊர்க் கண்மாய், இல்லையென்றால் மொட்டை மாடி. பொங்கல் நாள்களில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் வீட்டிலிருந்தபடியே கலந்துகொள்ளலாம். பதினைந்து நிமிடம் பார்த்து, எண்ணி, இ-பேர்டில் பதிவு செய்தால் போதும்.

என் 20×50 இன்னும் வீட்டு அலமாரியில் இருக்கிறது. இப்போது என் கழுத்தில் தொங்குவது ஒரு சாதாரண 8×42. போன மாதம் வேடந்தாங்கல் கரையில், காலேஜ் பசங்க இரண்டு பேர் பளபளக்கும் சிவப்பு லென்ஸ் பைனாகுலரை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, “ஒண்ணும் தெரியலடா, கிளம்பலாம்” என்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னுடையதைக் கழற்றி நீட்டினேன்.

“இதுல பாருங்க.”

அவர்கள் கிளம்ப அப்புறம் ஒரு மணி நேரம் ஆனது.